பதினொரு நிமிட வேலைக்கு 23 நாள்

கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய காப்பீட்டுப் படிவம் ஒன்று என் மேசையின் இடது ஓரத்தில் 23 நாள் பிரிக்கப்படாமல் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. தினமும் அந்த உறையைப் பார்த்தேன், அதை நகர்த்திவிட்டுத் தூசி துடைத்தேன். ஒருமுறை தண்ணீர்க் குவளையை அதன்மேல் வைத்ததில் வட்டமாக ஒரு கறைகூடப் படிந்தது. கெடு முடிவதற்கு முந்தின இரவு பிரித்து நிரப்பி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது 11 நிமிடம்தான் ஆகியிருந்தது. அதே 23 நாளில், அலுவலகத்தில் மூன்று குழுக்களின் வேலை ஒன்றோடொன்று மோதிக்கொண்ட சிக்கலை ஒரே பிற்பகலில் பிரித்துச் சீராக்கி, மேலாளரின் பாராட்டையும் பெற்றிருந்தேன். சோம்பேறி என்றால் அது எப்படி முடிந்தது, திறமைசாலி என்றால் இது ஏன் முடியவில்லை என்ற குழப்பத்தோடுதான் உளவியலாளர் ஒருவரைச் சந்திக்கப் போனேன்.

திட்டமிடுதல், தொடங்குதல், கவனத்தைக் காத்தல், உந்துதலை அடக்குதல், வழி அடைபட்டால் வேறு வழிக்கு மாறுதல் ஆகியவற்றை உளவியலார் ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்’ என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். செயலாட்சித் திறன் என்று தமிழில் சொல்லலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை ஒரே அளவில் ஏறி இறங்குபவை அல்ல என்பதும், ஒன்றில் வலுவாக இருப்பவர் மற்றொன்றில் தடுமாறலாம் என்பதும் முதல் சந்திப்பிலேயே எனக்குச் சொல்லப்பட்டன. அன்று என் தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, உட்கொள்ளும் மருந்துகள் எனப் பலவற்றையும் அவர் விசாரித்தார். இவை ஒவ்வொன்றும் இதே போன்ற தடுமாற்றத்தை உண்டாக்கக்கூடியவை. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாட்டை உறுதிசெய்ய, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் பல இருந்திருக்க வேண்டும் என்பதால் என் சிறுவயதைப் பற்றியும் நிறையக் கேட்டார். அது எனக்குப் பொருந்தவில்லை. இணையத்தில் கிடைக்கும் பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதி நானே முடிவுகட்டியிருந்தால், நிச்சயம் வேறு முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

அடுத்து சோதனைகள். எண்களைக் கேட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொன்னேன். பச்சை மையில் எழுதப்பட்ட ‘சிவப்பு’ என்ற சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் சொன்னேன். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையின் வழிவந்தது இது. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைத்தேன். எல்லாவற்றிலும் சராசரி அல்லது அதற்கு மேல். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குறைக்கு ஒரு பெயர் கிடைக்கும் என்று போனவனுக்கு, குறையே இல்லை என்று தாளில் வந்தால் பழி மறுபடியும் குணத்தின் மேல்தானே விழும்?

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். “இந்த அறையில் எதைச் செய்வது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை எல்லாம் நான் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கடினமாக இருக்கிற வேலையை உங்களுக்காக நானே செய்துவிடுகிறேன்” என்றார். ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வையும் குறிப்பிட்டார். அதில் மூளையின் முன்பகுதியில் காயமடைந்த மூவர், சோதனைத்தாள்கள் பலவற்றில் நன்றாகவே செய்தார்கள். கடைத்தெருவுக்கு அனுப்பிச் சில எளிய வேலைகளைத் தாங்களாகவே ஒழுங்குபடுத்தி முடிக்கச் சொன்னபோது தடுமாறினார்கள். எனக்கு அப்படிக் காயம் எதுவும் இல்லை. ஆனால் சோதனை மேசையில் அளக்க முடியாத ஒன்று வீட்டில் வெளிப்படலாம் என்பது விளங்கியது.

அவர் தந்த பயிற்சி ஒரு நோட்டுப் புத்தகம்தான். தொடங்க நினைத்த நேரம், உண்மையில் தொடங்கிய நேரம், ஆகும் என்று எண்ணிய நேரம், ஆன நேரம் என்று நான்கு பத்திகள், நான்கு வாரம். இரண்டாம் வாரத்திலேயே ஒரு போக்கு தெரிந்துவிட்டது. யாராவது காத்திருக்கிற வேலைகளில் முதல் இரண்டு பத்திகளுக்கும் இடையே சில நிமிடமே வேறுபாடு. யாரும் காத்திருக்காத வேலைகளில் அது நாள்கணக்கில் நீண்டது. நேரக் கணக்கிலும் என் சொந்த வேலைக்கு நான் எண்ணியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. பிறர் வேலைக்கு நான் சொன்ன கணக்கோ பெரும்பாலும் பிசகவில்லை. இது எனக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு 55.5 நாள் ஆகியிருக்கிறது.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கடைசி நேரத்தில் பலவற்றை ஒருசேர மனத்தில் நிறுத்திச் சமாளிக்கும் திறன் எனக்கு இருந்ததால்தான், தொடங்குவதில் உள்ள குறையை இத்தனை ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பலம் பலவீனத்துக்குத் திரை போட்டு வைத்திருந்தது. நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் எதையும் எழுதி வைக்காததும் அந்தத் திரையின் ஒரு பகுதியே.

தீர்வுகளில் பாதி பலிக்கவில்லை. ஆசையாக வாங்கிய நாள்குறிப்பேடு ஒன்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. கைபேசி நினைவூட்டலை, படிப்பதற்கு முன்பே விரல் தள்ளிவிடுகிறது. பலித்தது, வேலையின் பெயரை எழுதாமல் உடம்பு செய்யும் முதல் அசைவை மட்டும், ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப்போட்டு எழுதுவது. ‘படிவத்தை நிரப்ப வேண்டும்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. ‘மடிக்கணினியை மூடியதும் உறையைக் கத்தரிப்பேன்’ என்று எழுதினால் பெரும்பாலான நாள்களில் கத்தரித்துவிடுகிறேன். கத்தரித்த பின் உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கடினம்.

யாரும் காத்திருக்காத வேலைகளுக்கு ஆளை ஏற்பாடு செய்துகொண்டேன். என்னைப் போலவே தவிக்கும் சக ஊழியர் ஒருவரும் நானும் வெள்ளிக்கிழமை மாலையில் தொலைபேசி இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு, பேசாமல் பத்து நிமிடம் அவரவர் தள்ளிப்போட்ட வேலையைத் தொடங்குகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து தாள் புரளும் ஒலி கேட்கும். எதன் தாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.