மூணாவது மூவ்ல ஒரு செக்

செஸ் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் அரங்குக்குள் நம்மை விடுவதற்கு முன் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நல்ல நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி எஞ்சினைப் பார்த்துவிட்டு யாராவது ஆட்டக்காரருக்குச் சைகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதிதான். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களைப் போன்ற வேடிக்கை மனிதர்களின் நிலைமையை யாரும் யோசிக்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்கிற எஞ்சின் கையில் இல்லை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் எவால் பார் இல்லை, சொந்த மூளையை மட்டும் வைத்துக்கொண்டு கருத்துச் சொல்லியாக வேண்டும்.

முதல் மேசைக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. அதனால் நான் ஒதுங்கியது இரண்டாவது மேசைக்கு. அங்கே பெர்லினோ பெட்ரோஃபோ மாதிரி சாதுவான தொடக்கம் ஏதாவது வரும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைப்பு. வெள்ளை இ4, கருப்பு இ5. அடுத்து வெள்ளையின் கை ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தேடிப் போனது. எஃப்4.

கிங்ஸ் காம்பிட்! ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்கப் பார்க்கும் பழைய தொடக்கம்.

அரங்கில் பேசக் கூடாது என்பதால் மொத்தக் கூட்டமும் மூச்சை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்துக்கே நடுவர் திரும்பிப் பார்த்தார்.

என் இடப்பக்கம் ஒரு பெரியவர். வலப்பக்கம் ஒரு அப்பாவும், பத்து வயதிருக்கும் மகளும். அந்தப் பாப்பா கையில் நோட்டு வைத்து ஒவ்வொரு நகர்வையும் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் காய்களின் பெயர் தெரியும், அதற்கு மேல் சந்தேகம். பின்னால், என் தோளுக்கு மேல் தாடையை வைக்காத குறையாக ஒருவர். அவர் பெயர் கடைசிவரை தெரியவில்லை. செக் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். காரணம் சீக்கிரமே புரியும்.

கருப்பு சிப்பாயை வெட்டியது. வெள்ளை பிஷப்பை சி4க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்து காலாற நடக்கப் போய்விட்டார். ஆட்டக்காரர் எழுந்து நடந்தால் அதற்கு ஆயிரம் அர்த்தம் சொல்ல ஆள் இருக்கிறது.

"முழு பிரெப். வீட்டுல இருவது மூவ் வரைக்கும் போட்டுப் பாத்துட்டு வந்திருக்காரு. நடையைப் பாருங்க" என்றார் ஒருவர்.

"பயம் சார். பயந்தவன்தான் உக்கார மாட்டான்" என்றார் இன்னொருவர்.

அவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார்.

இதற்குள் செக் அண்ணன் கொதித்துப்போயிருந்தார். "எஃப் சிப்பாய் போயிடுச்சு. ராஜாவுக்கு முன்னால வாசல் தொறந்து கெடக்கு. ராணியை எச்4ல வெச்சா செக். என்னத்தை யோசிக்கிறாரு இந்த ஆளு?"

கருப்பு நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நகர்வுக்கே! கடிகாரத்தில் அரை மணி கரைந்தது. ஓப்பனிங்கில் எதிராளி எதிர்பாராததைப் போட்டால், இவர் இரவெல்லாம் படித்துவிட்டு வந்த தியரி அத்தனையும் வீண். அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் குடித்தார். "தண்ணி குடிக்கிறாரு, முடிஞ்சுது" என்று பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

"செக் வெச்சா ராஜா எஃப்1 போயிடும் அங்கிள்" என்றாள் பாப்பா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்புறம் குதிரை எஃப்3க்கு வந்து ராணியைத் துரத்தும். ராணி மறுபடி நகரணும். ஒரு மூவ் வேஸ்ட்."

"காஸ்லிங் போச்சுல்ல பாப்பா?" ராஜாவை யானைக்குப் பக்கத்தில் பத்திரமாக ஒளித்துவைக்கும் நகர்வு அது; ராஜா ஒருமுறை அசைந்துவிட்டால் அப்புறம் கிடையாது.

"போச்சு."

"அப்போ?"

அந்த "அப்போ"வுக்குப் பதில் சொல்லப் பாப்பாவுக்கு நேரமில்லை. பெரியவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மனிதர் நடமாடும் சரித்திரம். "தம்பி, இதே செக்கை 1851ல லண்டன்ல கீசெரிட்ஸ்கி வெச்சாரு. எதிர்ல வெள்ளையில ஆடின ஆண்டர்சன் ராஜாவை எஃப்1ல வெச்சுக்கிட்டே ஆடினாரு. ஒரு பிஷப், ரெண்டு யானை, கடைசில ராணி, எல்லாத்தையும் குடுத்து இருவத்திமூணாவது மூவ்ல மேட். அழியாத ஆட்டம்னு இன்னிக்கும் பேரு."

"கீசெரிட்ஸ்கி அதுக்கப்புறம் சொதப்பியிருப்பாரு. செக் வெச்சதுல என்ன தப்பு?" என்றார் செக் அண்ணன். யோசித்துப் பார்த்தால் அதை மறுக்கவும் முடியவில்லை.

பெரியவர் விடவில்லை. 1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி இதே காம்பிட்டைப் போட்டு 17 வயது ஃபிஷரைத் தோற்கடித்ததையும் (பின்னாளில் இருவருமே உலக சாம்பியன்கள்), வெறுத்துப்போன ஃபிஷர் மறு வருஷமே கட்டுரை எழுதி "கிங்ஸ் காம்பிட் செத்துப்போச்சு" என்று அறிவித்ததையும் கிசுகிசுத்தார். எல்லாம் சரியான தகவல். சிக்கல், கிசுகிசு கயிற்றோரமாகவே பயணம் செய்ததுதான். நாலு காது தாண்டுவதற்குள் அந்தக் கடைசியில் ஒருவர் எக்கி எக்கித் தேடினார்: "ஸ்பாஸ்கி வந்திருக்காராமே, எந்த வரிசையில?"

நடுவர் உதட்டில் விரலை வைத்தார். அரை நிமிடம் அமைதி.

"அப்புறம் ஃபிஷர்?" என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"அப்புறம் அவரே வெள்ளையில ஆட ஆரம்பிச்சிட்டாரு! 1963ல அமெரிக்க சாம்பியன்ஷிப்புல கிராண்ட்மாஸ்டர் எவான்ஸோட. இதே பிஷப் சி4. எவான்ஸ் செக் வெச்சாரு, ஃபிஷர் ராஜாவை எஃப்1ல வெச்சு ஜெயிச்சாரு. அந்தப் போட்டியில பதினொண்ணுக்குப் பதினொண்ணு."

"பாத்தீங்களா? எவான்ஸே செக் வெச்சிருக்காரு" என்றார் செக் அண்ணன்.

கணினித் துறை மாதிரித் தெரிந்த ஒரு இளைஞர் குறுக்கே வந்தார். "சார், இதெல்லாம் இப்ப வேஸ்ட். கம்ப்யூட்டர் இந்த ஓப்பனிங்கை முழுசாத் தீத்துடுச்சு. 2012லயே செய்தி வந்துது. வெள்ளை டிரா பண்ண ஒரே ஒரு மூவ்தான் உண்டாம்."

பெரியவர் கனிவாகச் சிரித்தார். "அந்தச் செய்தி எந்த மாசம் வந்துச்சுன்னு பாத்தீங்களா தம்பி?"

ஏப்ரல். முட்டாள்கள் தினக் குறும்பு அது. அப்போது நம்பியவர்கள் நிறையப் பேர். இந்தத் தம்பி இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கருப்பு கையைத் தூக்கினார். குதிரை எஃப்6. இ4 சிப்பாயைக் குறிவைத்து, அமைதியான, நியாயமான ஒரு நகர்வு. செக் அண்ணன் கயிற்றை விட்டு ரெண்டடி பின்னால் போய், யாரிடமும் பேசாமல் கூரையைப் பார்த்தார். பாப்பா நோட்டில் ஒரு ஆச்சரியக்குறி போட்டாள்.

ரத்தம் பார்க்க வந்த கூட்டத்துக்கு அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஏமாற்றம். கருப்பு சி6, டி5 என்று மையத்தை உடைத்தது. வெள்ளை தன் குதிரைகளை ஒழுங்காக வெளியே எடுத்து, ஒன்பதாவது நகர்வில், இத்தனை பேர் கவலைப்பட்ட அந்த ராஜாவைச் சாவகாசமாகக் காஸ்லிங் செய்து மூலையில் உட்கார வைத்தது. முகூர்த்தத்துக்குக் காத்திருந்த கூட்டத்திடம் கல்யாணம் நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னது மாதிரி ஆனது. பாதிப் பேர் முதல் மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

நாங்கள் வெளியே வந்து செல்போனை வாங்கினோம். அடுத்த பத்து வினாடி வராண்டாவில் ஒரு தலைகூட நிமிர்ந்திருக்கவில்லை. கருப்புக்கு லேசாக, அரைச் சிப்பாய்க்கும் குறைவான சாதகம் என்றது எஞ்சின். அவ்வளவுதான், உலகமே தெளிந்துவிட்டது. வெள்ளையின் பிரெப்பை வியந்தவர், "நான் அப்பவே சொன்னேன், எஃப்4 கொஞ்சம் அவசரம்" என்றார். பயம் என்று சொன்னவரும் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எனக்குத் தெரிந்து அப்போது எதுவுமே சொல்லாத பாப்பாவின் அப்பாகூட, "ஆமாமா, லேசாத் தெரிஞ்சுது" என்றார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

செக் அண்ணன் மட்டும் திரையில் காய்களைப் பின்னோக்கித் தள்ளி, மூன்றாவது நகர்வுக்கே திரும்பி, ராணியை எச்4ல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெருசா ஒண்ணும் நஷ்டமில்ல. ஆட முடியுற மூவ்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எட்டிப் பார்த்தேன். பாவம், உண்மைதான்.

ஆட்டம் முப்பது நகர்வுகளைக் கொஞ்சம் தாண்டி, ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா ஆனது. இருவரும் வர்ணனை அறைக்கு வந்தார்கள். வெள்ளைக்காய் ஆடியவரிடம் முதல் கேள்வி, எதிர்பார்த்தபடியே, ஏன் கிங்ஸ் காம்பிட் என்பதுதான். உளவியல், துணிச்சல், பழைய மேதைகளுக்குக் காணிக்கை என்று நாங்கள் ஆளுக்கொரு காரணத்தோடு காத்திருந்தோம்.

"நேத்து ஆட்டம் ரொம்ப நேரம் இழுத்துடுச்சு. தயார் பண்ண நேரமில்ல. தூங்கிட்டேன்" என்றார் அவர்.

அடுத்து மைக் கூட்டத்துக்குள் வந்தது. அது யார் கைக்குப் போகும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. செக் அண்ணன் எழுந்து, தொண்டையைச் செருமி, கருப்புக்காய் ஆடியவரைப் பார்த்துக் கேட்டார்: "சார், மூணாவது மூவ்ல ஏன் செக் வைக்கலை?"

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடையில் அந்த கிராண்ட்மாஸ்டர் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தார். "வைக்கத்தான் ஆசை. அந்த அரை மணியில பாதி நேரம் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."

செக் அண்ணன் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் வரிசைப் பக்கம் திரும்பி, மைக்கிலேயே சொன்னார்: "கேட்டுச்சா பாப்பா?"

"மீதிப் பாதி நேரம் எதைப் பாத்தாருன்னு கேளுங்க அங்கிள்" என்றாள் பாப்பா.