274177 கடைசியில் பிடிபட்டது

ஆறாம் ஃபெர்மா எண் இரண்டு காரணிகளாக உடைந்துவிட்டது! 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கித்து 1 கூட்டினால் வருபவைதான் ஃபெர்மா எண்கள். ஆறு தரம் வர்க்கித்தால் 2-இன் 64-ஆம் வலு, அதோடு 1: 18446744073709551617. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி இரட்டித்துப்போகும் கதையின் மொத்தத்தைவிடச் சரியாக 2 கூட. கணினியைத் தொடவேயில்லை. சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் கல்குலேற்றரும்தான்.

இதன் காரணிகள் 256-இன் மடங்கோடு 1 சேர்ந்தவையாகவே இருக்கும். கணிதவியலாளர் ஒயிலரின் வழியில் அது 128-இன் மடங்கு. 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அதை 256 ஆக்கியதால் நமக்குப் பாதி வேலை மிச்சம். இந்த வடிவில் வரும் 257, 65537 இரண்டும் ஃபெர்மா எண்களே. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது, ஆகவே அவற்றை விட்டுவிடலாம்.

வேலை முழுக்க மீதியில்தான் இருக்கிறது. 2-இன் 32-ஆம் வலு 4294967296, சரியாகப் பத்து இலக்கம். அதன் வர்க்கம்தான் 64-ஆம் வலு. 32-ஆம் வலுவைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து, வரும் மீதியை வர்க்கித்து 1 கூட்டினால், அது அதே எண்ணால் மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். மீதி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வர்க்கம் 11 இலக்கமாகிவிடும். பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கல்குலேற்றர் அந்த இடத்தில் கடைசி இலக்கத்தை விழுங்கிவிட்டுப் பத்தின் வலுவில் காட்டும். நமக்கு வேண்டியதே அந்தக் கடைசி இலக்கம்! எரிச்சல் சொல்லி மாளாது.

இதற்கு மறை (மைனஸ்) மீதிதான் மருந்து. ஈவின் தசமப் பகுதி 0.5-க்கு மேலே போனால் அடுத்த முழு எண்ணை எடுங்கள். 274177-ஆல் வகுத்தபோது ஈவு 15664.94 என்று வந்தது. நேரடி மீதி 258768. வர்க்கித்தால் திரை கொள்ளாது. 15665-ஐ எடுத்தால் மீதி வெறும் −15409. அதன் வர்க்கம் 237437281. ஒன்றைக் கூட்டி வகுத்தேன்: 866, தசமமே இல்லை. மூன்று தரம் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

2 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களில் மறை மீதியும் சில இடங்களில் போதாது. அதற்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் 12 இலக்கக் கல்குலேற்றர் வாங்கினேன். வாங்குபவர்கள் சூரிய ஒளியிலும் பற்றரியிலும் இயங்குவதையே கேளுங்கள். கரண்ட் போன நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்துக்குச் சூரிய ஒளி மட்டும் உள்ளது மங்கிவிடும். கடைக்கார அண்ணை சதுரக்கோட்டுக் கொப்பியும் வைத்திருக்கிறார், தாளும் நல்ல தடிப்பு.

மற்றக் காரணி 67280421310721. கணிதவியலாளர் லான்ட்ரி 1880-இல் ஆறாம் ஃபெர்மா எண்ணை உடைத்தபோது அவருக்கு வயது 82. அந்த மனிதரை நினைத்தாலே கை கூப்பத் தோன்றுகிறது. அந்த மற்றக் காரணி முதன்மை எண்தான் (பகா எண்) என்பதைப் பொக்லிங்டன் முறையில் நானே நிறுவ ஆசை. எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, வருவதன் காரணிகளைக் கொண்டு நிறுவும் முறை அது. ஒன்றைக் கழித்தால் 256 × 5 × 47 × 373 × 2998279. முதல் நான்கின் பெருக்கமே அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடுகிறது, முறைக்கு அது போதும், ஆகவே கடைசிக் காரணியைச் சோதிக்கவே வேண்டாம். ஆனால் 14 இலக்க எண்களை வர்க்கிக்க வேண்டும். தாளை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறேன்.

அதற்கு முன் இரண்டு காரணிகளையும் கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 9-ஆல், 11-ஆல் வகுத்துச் சோதித்ததில் மீதிகள் ஒத்துப்போகின்றன (8, 6). முழுப் பெருக்கல் இன்னும் பாதியில் நிற்கிறது.