மாணிக்கம் உட்காரும் பள்ளம்

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜேட் என்கிற கெட்டிக் கல்லில் செய்த பொருள்கள் இருக்கும் அறைக்குள் போனதும், எல்லாரையும் போல நானும் நேராக நூர்ஜஹானின், ஜேட்டில் மணிகள் பதித்த பழம் நறுக்கும் கத்தியிடம்தான் போய் நின்றேன். கூட வந்த சித்தப்பா நாற்பது வருஷம் நகைக்குக் கல் கட்டியவர். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு, "கல்லைப் பிடிக்கிற கால் எங்கேம்மா?" என்றார்.

கால் கிடையாது. அதுதான் குந்தன் வேலை. தங்கத்தைப் புடம் போட்டு, கலப்பே இல்லாத அளவுக்குச் சுத்தமாக்கி, மெல்லிய தகடாக அடித்துக்கொள்வார்கள். அத்தனை சுத்தமான தங்கத்துக்கு நெருப்பு வேண்டாம். அழுத்தினாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்லுக்கு அடியில் பளபளப்புக்கு ஒரு தகடு, சுற்றிலும் இந்தத் தங்கம். ஊசிமுனைக் கருவியால் அழுத்தி அழுத்தி இடுக்கை நிரப்பிவிடுவார்கள்.

இதுகூட சித்தப்பாவுக்கு ஓரளவு பழக்கமான வேலைதான். அவரை அசத்தியது பள்ளம். மணி வைக்கும் இடமும் தங்கக் கொடி ஓடும் கோடும் முதலில் ஜேட்டில் தோண்டப்பட வேண்டும். ஜேட் உளிக்கு மசியாது. உள்ளே நுண்ணிய இழைகள் பாய் மாதிரி பின்னிக் கிடக்கின்றன. வில்லால் சுழற்றும் கருவியில் கடினமான கல்பொடியைத் தடவி, தேய்த்துத் தேய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படித் தேய்க்க ஏற்ற பொடிகளில் ஒன்று குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே நம் 'குருந்தம்'தான். இன்னொன்று: மாணிக்கமும் குருந்தமே, சிவப்பேறிய குருந்தம். பள்ளம் தோண்டும் பொடியும் அதில் போய் உட்காரும் மணியும் ஒரே சாதி!

சித்தப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, "அது தெரியாமலா இத்தனை வருஷம் சாணை பிடிச்சேன்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

வெளியே வந்து, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஷாஜஹானின் மதுக்கிண்ணத்தைக் கைபேசியில் காட்டினேன். 1657-இல் செய்தது, மறு வருஷமே மகன் அவரை ஆக்ரா கோட்டையில் அடைத்துவிட்டார். வெள்ளை ஜேட். சுரைக்காயைப் பாதியாக அரிந்த வடிவம், அடியில் தாமரை, காம்பு வளைந்துபோய் ஆட்டுத்தலையாக முடியும். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுவர் மெலிசு. ஒரு மணிகூட இல்லை.

சித்தப்பா ஆட்டின் காதைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் கொம்பை.

"கல்லே வைக்காம விட்டிருக்கான் பாரு" என்றார். கைபேசி திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.