தலைப்பு வேறு, வாதம் வேறு

போன ஞாயிறு காட்பாடியிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம், வரலாறு. "அத்தை, அசைன்மென்ட் எழுதிட்டேன், ஒரு தடவை பாருங்க" என்று நாலு தாளை நீட்டினாள். தலைப்பு 1806 வேலூர்ப் புரட்சி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கம்பெனிக்கு எதிராக எழுந்த கதை. முதல் வரி: 'வேலூர் தமிழ்நாட்டின் பழமையான நகரங்களுள் ஒன்றாகும்.' அப்புறம் கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் எல்லாம் முடிந்து இரண்டாம் பக்கத்தில்தான் சிப்பாய்கள் தலைகாட்டினார்கள்.

தப்பு அவள் மேல் இல்லை. குறிப்புச் சட்டகம், முன்னுரை, நாலு துணைத்தலைப்பு, முடிவுரை என்று எழுதித்தான் பள்ளியில் மார்க் வாங்கினாள். அங்கே தெரிந்ததைச் சொன்னால் போதும். கல்லூரிக் கட்டுரைக்கு ஒரு கேள்வி வேண்டும், அதற்கு நம் பதில் வேண்டும், அந்தப் பதிலை மறுத்துப் பேச இன்னொருவருக்கு இடமும் இருக்க வேண்டும். ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று எழுதினால் அதை யார் மறுப்பார்கள்?

"ஏன் எழுந்தாங்க?" என்றேன். "தலைப்பாகை" என்றாள். சரிதான், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று 1805 கடைசியிலிருந்து வந்த உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆனால் அதே கோட்டைக்குள்தான் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் மகன்கள் காவலில் இருந்தார்கள், எழுந்தவர்கள் மைசூர்க் கொடியையும் ஏற்றினார்கள். அப்படியென்றால் காரணம் உத்தரவா, திப்பு குடும்பமா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "உத்தரவுதான் அத்தை. ஐதராபாத்லயும் சிப்பாய்ங்க இதே தலைப்பாகைக்கு முணுமுணுத்தாங்கன்னு படிச்சேன், அங்க திப்பு மகன்கள் யாரும் இல்லையே" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு தாளில் இல்லாத கட்டுரை அந்த ஒரு பேச்சில் இருந்தது.

அப்புறம் கொடியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. விட்டுவிடலாம் என்றாள். கூடவே கூடாது என்றேன், நம் வாதத்துக்கு இடிக்கிற சான்றை நாமே எடுத்து வைத்துப் பதில் சொன்னால்தான் படிப்பவர் நம்மை நம்புவார். கலவரம் அடங்கியதும் அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது, திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கும் அனுப்பியது. இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெயித்துவிட்டதாக எழுதினால் அது நேர்மையில்லை.

மற்றதெல்லாம் பழக்கம்தான். ஒரு பத்தியில் ஒரு கருத்து, அதற்குச் சான்று, அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்று இரண்டு வரி. இந்த இரண்டு வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். படிக்கும்போதே புத்தகத்தின் பெயர், ஆசிரியர், வருஷம், பக்க எண்ணைக் குறித்துவிட வேண்டும், கடைசி ராத்திரி தேடினால் கிடைக்காது. இணையத்தில் கிடைத்த பத்தியை நாலு சொல் மாற்றி ஒட்டினால் அது திருட்டுதான், அடிக்குறிப்பு போடுவது அந்த எழுத்தாளருக்கு நாம் தர வேண்டிய மரியாதை. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொன்னேன், என்ன சொல்லி முடித்தோம் என்று அப்போதுதான் நமக்கே தெரியும்.

சாயங்காலம் பஸ் ஏறும் முன் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: 'வேலூர்ச் சிப்பாய்களை எழ வைத்தது உடை உத்தரவு, திப்புவின் கொடி அந்தக் கோபத்துக்குக் கிடைத்த அடையாளம்.' கீழேயே சின்ன எழுத்தில், 'கொடி - மூன்றாம் பத்தி.'