மந்த காலத்தில் எந்த நன்கொடை முதலில் குறையும்?

தொழில் படுத்தால் நன்கொடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வரவு எப்போது குறையும் என்பதைத்தான் பல அறக்கட்டளைகள் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் அடிபடுவது, நாச் (NACH) என்ற தானியங்கி முறையில் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் ஐந்நூறும் ஆயிரமும். வேலை போனவர் நம்மை அழைத்து 'இந்த மாதம் முடியாது' என்று சொல்லமாட்டார், கூச்சப்படுவார். கணக்கில் பணமில்லாமல் நாச் திரும்பும். அவருடைய வங்கி அதற்குச் சில நூறு ரூபாய் தண்டம் பிடிக்கும். கொடுக்க நினைத்த தொகைக்குப் பக்கத்தில் தண்டம் கட்டியவர், மாதாமாதம் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதியையே ரத்து செய்துவிடுவார். நிலைமை சீரானாலும் திரும்பி வருவது அபூர்வம். ஒரு முறை திரும்பியதுமே, அடுத்த மாதப் பட்டியல் வங்கிக்குப் போகுமுன் அவர் பெயரை எடுத்துவிட்டு போன் செய்ய வேண்டும். பணம் கேட்க அல்ல, 'மூன்று மாதம் நிறுத்தி வைக்கிறோம் சார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல. நாச் அனுமதிப் படிவத்தில் நிலையான தொகைக்குப் பதில் அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தில் டிக் வாங்கியிருந்தால், ஆயிரத்தை இருநூறாக்கப் புதுக் கையெழுத்து தேவையில்லை.

சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம், தாமதமாகக் குறைந்து தாமதமாகத்தான் ஏறும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு சொல்லும் 2 சதவீதம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி லாபத்துக்கானது. 2020-21இல் லாபம் விழுந்த கம்பெனிகளில் அது 2023-24 வரை அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது. வியாபாரம் தேறிவிட்டதே என்று அந்த ஆண்டுகளில் பட்ஜெட்டை ஏற்றினால் கையைக் கடிக்கும்.

டெபாசிட் வட்டியும் கைகொடுக்காது. 2020 மே மாதம் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்துக்கு இறங்கியபோது, அந்தச் சமயத்தில் முதிர்ந்த மூலதன டெபாசிட்டுகள் குறைந்த வட்டிக்கே புதுப்பிக்கப்பட்டன. முதிர்வுத் தேதிகளைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவது நல்லது.

வருமான வரிச் சலுகைக்கு ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும்; மிச்சம் 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். நல்ல ஆண்டில் அது பெரும்பாலும் கட்டடத்துக்குப் போய்விடுகிறது, கல்வெட்டில் பெயர் வருமே. என்னைக் கேட்டால், சமையல்காரம்மா, ஆயா, வாட்ச்மேன் ஆகியோரின் ஆறு மாதச் சம்பளம் அதிலிருந்து தனிக் கணக்கில் சேரும்வரை ஒரு செங்கல்கூட வாங்கக்கூடாது.