கேட்க ஆளில்லாத ஒரு செமஸ்டர்

ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்தில், மதுரை செல்லூரில் என்னிடம் கேட்ட கேள்விகளை வரிசைப்படி சொல்கிறேன். "அங்கிட்டு சோறு கிடைக்குமா?" "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" "இப்படி எளச்சுப் போயிட்டியே, சமைக்கத் தெரியலையா?" "அங்கனயே வேலை பார்த்துக்க வேண்டியதுதான, ஏன் வந்த?" என்ன படித்தாய் என்று கேட்டவர் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் ஒருத்தர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

குறையாகச் சொல்லவில்லை. ஐந்து மாதம் யாரும் எதுவும் கேட்காத ஊரில் இருந்துவிட்டு வந்ததால் முதல் இரண்டு நாள் காதுக்கு இதமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பழைய எரிச்சல்.

ஜூனியர் பிள்ளைகள் நிறைய பேர் கேட்பதால் காசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் வெளிநாட்டில் அட்மிஷன் வாங்கிச் சேர்வது இல்லை. நம் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கும் ஒப்பந்தம் இருக்கும், ஃபீஸை இங்கேயே கட்டிவிட்டு ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே போய்ப் படிக்கலாம். அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு யூரோ, டிராம், பஸ் பாஸ் அதற்குள்ளேயே வந்துவிடும். "அப்ப இலவசம்தான்" என்று அப்பா சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் பிளாக்டு அக்கவுண்ட் கதையைச் சொன்னேன். ஜெர்மனிக்கு விசா வேண்டுமென்றால் தங்கப் போகிற மாதங்களுக்கான செலவுப் பணத்தை முன்னாலேயே ஒரு கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும், அங்கே போன பிறகு மாதாமாதம் அதிலிருந்து நமக்கே விடுவார்கள். நான் போட்டபோது மாதத்துக்கு 934 யூரோ, அந்த 2024 செப்டம்பரிலேயே 992 ஆக்கிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு 5,604 யூரோ. அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஐந்து லட்சத்துக்கு மேல். அம்மாவின் ஆரமும் வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின, மிச்சத்துக்குச் சித்தப்பா.

விசாவுக்குச் சென்னைதான் போக வேண்டும். பாண்டியனில் ராத்திரி ஏறி, வேலையை முடித்துவிட்டு மறுநாள் ராத்திரியே திரும்பினோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஜெராக்ஸ் மட்டும் கேட்டதற்கு இரண்டு செட் கூடுதலாகக் கொண்டு போங்கள்.

போன ஊர் டிரெஸ்டன். நான் படிப்பது சிவில் இன்ஜினியரிங். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 11 விடியற்காலையில், அந்த ஊரில் எல்பே ஆற்றின் மேல் இருந்த கரோலா பாலத்தில் டிராம் போகிற பகுதி இடிந்து தண்ணீருக்குள் விழுந்தது. கடைசி டிராம் கடந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடியோவை அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த அறையிலிருந்து எழுந்தும் வந்தார்.

"அது எப்பக் கட்டுன பாலம்?"

"1971."

"நம்ம வைகை மேல இருக்க ஏ.வி. பாலம் 1889. இன்னும் பஸ்ஸு போகுது."

சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறவளுக்கு இதற்கு உருப்படியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் கேவலம். அதற்கப்புறம் ஒவ்வொரு போனிலும் "பாலத்துப் பக்கம் போகாத" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

அங்கே போய் முதலில் உறைத்தது குளிர் இல்லை, கேட்க ஆளில்லாததுதான். டிராமில் கண்டக்டர் இல்லை, ஏறலாம், இறங்கலாம். திடீரென்று சாதாரண உடுப்பில் இருப்பவர் எழுந்து டிக்கெட் கேட்பார், இல்லையென்றால் 60 யூரோ அபராதம், ஆனால் வாரக்கணக்கில் யாரும் கேட்காமலேயே ஓடிவிடும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் கிடையாது. இங்கே 75 சதவீதத்துக்காகக் காய்ச்சலோடு போய் உட்கார்ந்தவள் நான், அங்கே முதல் பத்து நாள் பேரைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறு நிமிட வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். சட்டசபையில் தட்டுவார்களே, அந்த மாதிரி. ஏதோ சண்டை என்று நினைத்து நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அது கைதட்டலாம். புரொபசர் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

பாலத்துக்கான பதிலும் அங்கேதான் கிடைத்தது. ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் வகுப்பில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கரோலா பாலத்தில் வந்து நிற்கும், ஜன்னலைத் திறந்தால் பாடம் ஆற்றுக்குள் கிடக்கிற ஊரில் வேறென்ன பேசுவார்கள். கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிகளை முறுக்கேற இழுத்து வைத்திருப்பார்கள், அந்த இழுவைதான் பாலத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். கிழக்கு ஜெர்மனி காலத்துக் கம்பி அது. கட்டும்போதே ஈரம் பட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, ஐம்பது வருடமாக உள்ளுக்குள்ளேயே வளர்ந்து, ஒவ்வொன்றாக அறுந்திருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏ.வி. பாலம் வளைவு வளைவாக நிற்பது, பாரம் முழுவதும் ஒன்றையொன்று அழுத்தியே தரைக்கு இறங்கிவிடுகிறது, அறுந்துபோவதற்கு உள்ளே இழுத்துக்கட்டிய கம்பி கிடையாது. அன்று ராத்திரி போனில் அப்பாவிடம் இதை அரை மணி நேரம் விளக்கினேன். "அப்ப நான் சொன்னது சரிதான" என்றார்.

தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31, வியாழக்கிழமை. லீவு எப்படிக் கேட்பது என்று நான் மெயில் எழுதிக்கொண்டிருந்தபோது மாடி அறையிலிருந்த திருப்பூர் அண்ணன் சிரித்தார். அது மார்ட்டின் லூதர் என்ற பாதிரியார் 1517இல் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துத் தன் கருத்துகளை வெளியிட்ட நாளாம், டிரெஸ்டன் இருக்கிற சாக்சனி மாநிலம் முழுக்க விடுமுறை. விடுமுறை என்றால் கடையும் கிடையாது. முந்தின நாளே எதுவும் வாங்கி வைக்காததால் அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயைத் தலையில் கொஞ்சம், இட்லிப் பொடியில் கொஞ்சம் என்று பங்கு போட்டு, பிரெட்டுக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டுத் தீபாவளி முடிந்தது. டிசம்பரில் மாலை நான்கரைக்கு முழு இருட்டு. 1434 முதல் நடக்கிற கிறிஸ்துமஸ் சந்தை அந்த ஊரில் ஒன்று உண்டு (நம் மீனாட்சி கோயில் புதுமண்டபமே அதற்கு இருநூறு வருடம் இளையது), கண்ணுக்கு அழகுதான், ஆனால் தனியாக இரண்டு தடவைக்கு மேல் சுற்ற முடியவில்லை.

கேட்க ஆளில்லை என்பதில் ஜாலி இருக்கிற அளவுக்கு ஆபத்தும் இருக்கிறது என்று ஜனவரியில்தான் தெரிந்தது. அங்கே இன்டர்னல், அசைன்மெண்ட் மார்க் எல்லாம் என் பாடங்களில் இல்லை, கடைசிப் பரீட்சைதான் முழு மார்க்கும். அதை எழுத ஒவ்வொரு பாடத்துக்கும் நாமே ஆன்லைனில் பெயரைப் பதிய வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி. இங்கே ஹால் டிக்கெட் வாங்காதவன் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, வகுப்பில் கூப்பிட்டு, வீட்டுக்கும் போன் போடுவார்கள். அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேண்டீனில் உருளைக்கிழங்கு வாங்க நிற்கும்போது முன்னால் நின்ற பெண் பேச்சோடு பேச்சாக "எல்லாத்துக்கும் பதிஞ்சாச்சா?" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுநாள் கடைசி. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஒரு தடவை வகுப்பில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன என்று இப்போதும் கோபம் வருகிறது, அவர்களைக் கேட்டால் உன் பரீட்சைதானே என்பார்கள்.

நான்கு பாடமும் பாஸ். ப்ரீஸ்ட்ரெஸ்டில் 2.3. அங்கே 1.0 தான் முதல் மார்க், 4.0 பாஸ், 5.0 ஃபெயில், எண் குறையக் குறைய நல்லது. ஊருக்கு வந்து அந்தத் தாளைக் கல்லூரியில் கொடுத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பத்துக்கு ரெண்டு புள்ளி மூணா? அரியராம்மா?"

வெளிநாட்டு மார்க்கையும் ஜெர்மன் மார்க்கையும் ஒப்பிட பவேரியன் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி பார்த்தால், நம் பாஸ் பத்துக்கு 5 என்று வைத்துக்கொண்டால் 2.3 என்பது 7.8 வரும். அவர் மேசையில் கிடந்த பழைய கவரின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார், சரி என்றார், ஆனால் இதையெல்லாம் லெட்டராக எழுதி எச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். அந்த லெட்டர் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியவில்லை, என் மார்க் ஷீட்டில் நான்கு கட்டம் காலியாகவே கிடக்கிறது. நேற்று மூன்றாவது தடவை போனேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். திரும்பி நடந்தவளைக் கூப்பிட்டு, அவர் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறதாம், இந்த மாதிரிப் போக என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்று வரும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.