காலியான ஃபோல்டர் ஏன் அழிய மறுக்கிறது?

ஃபோல்டருக்குள் ஒன்றுமே இல்லை, ஆனாலும் டெலீட் ஆக மாட்டேன் என்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள் என்பதுதான். எதையும் அழித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களில் சில வேண்டாத விளம்பரக் குப்பையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. தேவையானது விண்டோஸிலேயே இருக்கிறது, வருகிற எரர் மெசேஜை மட்டும் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

அதற்கு முன், உள்ளே நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று பார்க்க வேண்டும். ஹிட்டன் ஐட்டம்ஸை, அதாவது மறைத்து வைத்தவற்றை, காட்டச் சொன்னால் மட்டும் போதாது. சிஸ்டம் ஃபைல் என்றும் குறிக்கப்பட்டவை அப்போதும் கண்ணில் படாது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்துக்குப் போய் ‘ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுத்தால்தான் வரும். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கிறது என்று மெசேஜ் வந்தால், படங்கள் இருந்த ஃபோல்டராக இருந்தால், தம்ப்ஸ்.டிபி மேல்தான் எனக்குச் சந்தேகம் போகும். படங்களின் சிறு உருவங்களை விண்டோஸ் சேமித்து வைக்கும் ஃபைல் அது. விண்டோஸ் விஸ்டா முதல் இவை பயனரின் சொந்த ஃபோல்டரில் ஒரே இடத்துக்குப் போய்விட்டன, ஆனால் நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர்களில் இன்னும் முளைக்கும். வியூவை டீடெய்ல்ஸுக்கு மாற்றி, ஃபோல்டரை விட்டு வெளியே வந்து அழித்துப் பாருங்கள். போகவில்லையா, விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்தில் உள்ள அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பெட்டியில் பெயரைத் தேடினால் எந்த புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். பக்கத்து மேஜைக்காரரின் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் அது அங்கே வராது, எழுந்து போய்க் கேட்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் உண்மையிலேயே படுத்துவது இன்னொரு வகை. ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கும், அழிக்கப் போனால் ‘இப்படி ஒன்று இங்கே இல்லை’ என்று சொல்லும். பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள், ஒரு ஸ்பேஸோ புள்ளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் மாட்டி எழுதிய ஹார்டு டிஸ்க்கில் இப்படி வரும். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் முறையான என்டிஎஃப்எஸ் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விண்டோஸ் தேடும்போது வால்பக்கத்து ஸ்பேஸை வெட்டிவிட்டுத் தேடுகிறது, அப்படி ஒரு பெயர் அங்கே இல்லாததால் கையை விரித்துவிடுகிறது. கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஃபோல்டரை நீக்கும் ஆர்டி கட்டளையை ஸ்லாஷ் எஸ்ஸோடு (rd /s) கொடுத்து, டிரைவ் எழுத்திலிருந்து முழு முகவரியையும் மேற்கோள் குறிக்குள் எழுதி, அதன் தொடக்கத்தில் \\?\ சேருங்கள். கடைசி ஸ்பேஸையும் விடாமல் எழுத வேண்டும். இந்தக் குறிகள் இருந்தால் பெயரில் கைவைக்காமல் அப்படியே தேடு என்று அர்த்தம். கான் (con), நல் (nul), ஆக்ஸ் (aux) என்று விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்தே ஒதுக்கி வைத்த பெயர்களில் மாட்டிய ஃபோல்டர்களும் இதே வழியில் போய்விடும். இப்படி அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அதனால் என்டர் தட்டும் முன் முகவரியை இன்னொரு முறை வாசித்துவிடுங்கள்.

ஆக்சஸ் டினைடு என்று வந்தால் அது உரிமைப் பிரச்சினை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் சகஜம். ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, முழு அனுமதியையும் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பது என்றால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.